சராசரிக்கு ஒரு குறையும் இல்லை

மஞ்சக்குட்டைக் குடிநீர் மோட்டார் ஐந்து மாதத்தில் நான்காவது முறையாக எரிந்தபோது, ஏன் எரிந்தது என்பதை ஊரில் எல்லோரும் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். பம்ப் ரூமின் கதவு தெற்குப் பார்த்து இருப்பதுதான் காரணம் என்றார் வார்டு உறுப்பினர். கிணற்றைத் தூர் வாரும்போது யாரோ செருப்போடு இறங்கிவிட்டதாகக் கோயில் கமிட்டி சொன்னது. மோட்டார் விற்ற சேலத்துக் கடைக்காரர் போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்: மோட்டார் தங்கம், எரிந்த கம்பிச் சுருளை மாற்றிக் காயில் கட்டிய கைதான் சரியில்லை. காயில் கட்டிய தேவகுமாரிக்கு மட்டும்தான் இன்னும் காரணம் தெரியவில்லை.

பம்ப் ஆபரேட்டர் பொன்னுவேல் அந்த மோட்டாரை ஜீப்பின் பின்புறத்தில் போட்டு, ஏற்காடு கடைவீதியில் தேவகுமாரி நடத்தும் கிரேஸ் வைண்டிங் ஒர்க்ஸ் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். நான்காவது தடவை என்பதால் ஜீப் டிரைவர்கூட வழி கேட்கவில்லை.

"அக்கா, மறுக்காவும் போயிருச்சுங்க."

"வந்திருச்சுன்னு சொல்லு பொன்னுவேலு. போயிப் போயி எங்கிட்டத்தான வந்து நிக்குது."

பொன்னுவேல் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான், பிறகு கழுத்தைத் துடைத்தான். துடைக்க வேறு இடம் இல்லாமல் போனதும் விஷயத்துக்கு வந்தான்.

"ஒண்ணு சொன்னாக் கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோச்சுக்குவேன். சொல்லு."

"ஊருக்குள்ள பேசிக்கறாங்க. நீங்க செம்புக் கம்பின்னு சொல்லிப்போட்டு அலுமினியக் கம்பியைச் சுத்தி உடறீங்களாமா."

"யாரு பேசிக்கறாங்க?"

"கண்ணாயக்காதானுங்க. கொழாயடியில வச்சுச் சொன்னாங்க."

"கண்ணாயிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அவங்க ஊட்டு அலுமினியக் குண்டா அடுப்புல வச்சா இப்படித்தான் சீக்கிரமாக் கருத்துப் போகுதுங்களாமா."

இவ்வளவு திடமான ஆதாரத்துக்கு முன்னால் என்ன பேசுவது? தேவகுமாரி மேசையில் கிடந்த கம்பிச் சுருளை இழுத்து, கத்தியால் மேல்பூச்சைச் சுரண்டிக் காட்டினாள். உள்ளே செம்பு புத்தம்புதிதாகச் சிவந்து மின்னியது. பொன்னுவேல் பார்த்தான், தலையாட்டினான், நம்பினான். ஆனால் மஞ்சக்குட்டையில் முந்நூறு வீடுகள் இருந்தன. முந்நூறு வீட்டுக்கும் போய்க் கம்பி சுரண்டிக் காட்ட முடியாது.

தேவகுமாரி இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. பள்ளிக்கூடம் முடித்த வருடம் ஐடிஐயில் தையல் படிக்கத்தான் மனு போட்டாள். தையலில் இடம் நிரம்பிவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருத்தர் அவளைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மோட்டார் வைண்டிங்கில் காலியாக இருந்த ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தார். "நூலுக்குப் பதிலா கம்பி, அவ்வளவுதானேம்மா" என்று சிஸ்டர் சமாதானம் சொன்னார். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். வாத்தியார் முதல் நாள் மட்டும் மூன்று தடவை, "பாப்பா, தையல் ரூம் எதிர்ப்பக்கம்" என்று வழிகாட்டினார். நான்காவது தடவை அவர் வாயைத் திறக்கும் முன்பே தேவகுமாரி அவருடைய மாதிரி காயிலைப் பிரித்து மறுபடியும் கட்டி மேசைமேல் வைத்திருந்தாள்.

அது முதல் இருபத்தாறு வருடமாக ஏற்காட்டு மலையில் எரிகிற மோட்டார்கள் எல்லாம் அவளிடம்தான் வருகின்றன. காப்பிப் பழம் தோலுரிக்கிற பல்ப்பர் மோட்டார், லாட்ஜ் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், மாவு மில் மோட்டார். அவளுடைய கணவர் ஆரோக்கியதாஸ் ஓர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப்புத்தகம் எடுத்துக் கொடுப்பவர். மனைவியின் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்து இருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர்கள் நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் ஒழுங்காக வேலை செய்தால் நம் வீட்டில் உலை கொதிக்காது.

அது உண்மைதான். மலையில் மக்கள் கரண்டை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: இருக்கிறது, இல்லை. பல்பு எரிந்தால் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை. இருந்தும் சரியில்லாத கரண்ட் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதும், இல்லாத கரண்டைவிட அது மோசம் என்பதும் தேவகுமாரிக்கும் அவளிடம் வந்து சேர்ந்த மோட்டார்களுக்கும் மட்டும்தான் தெரியும். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் சும்மா உட்கார்ந்திருக்கும். குறைந்த கரண்ட் வந்தால் உட்காராது. சுமையை விடாமல் இழுக்கும். வோல்டேஜ் குறைந்ததை ஈடுகட்ட அதிக ஆம்பியரைக் குடிக்கும், சூடாகும், வார்னிஷ் வாசம் வரும், அப்புறம் புகை வரும். அதற்கும் அப்புறம்தான் மனிதர்கள் வருவார்கள்.

பொன்னுவேல் போன பிறகு தேவகுமாரி மோட்டாரைத் திறந்தாள். உள்ளே காயில்கள் மூன்று பிரிவாக இருக்கும், வருகிற மூன்று பேஸ் கம்பிக்கு ஒவ்வொரு பிரிவு. கம்பி மட்டமாக இருந்தால் மூன்றும் கலந்து வெந்திருக்க வேண்டும். கை பிசகியிருந்தால் ஏதோ ஓர் இடத்தில் பொத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே ஒரு பிரிவு மட்டும் அடுப்புக்கரியாகக் கருகி, மற்ற இரண்டும் நேற்றுக் கட்டியதுபோலப் பொன்னிறமாக இருந்தன. அவள் எழுந்துபோய், பழைய இரும்புக்குப் போடும் சாக்கைக் கொட்டித் தேடினாள். மூன்றாம் தடவை வெட்டி எடுத்த காயிலும் இரண்டாம் தடவையதும் கிடைத்தன. இரண்டும் இதே பிரிவு, இதே கருக்கு. முதல் தடவையது ஏற்கெனவே பழைய இரும்புக்காரரோடு அடிவாரம் இறங்கிவிட்டிருந்தது.

இருபத்தாறு வருட அனுபவம் இருந்தும் மூன்று தடவை பார்க்காமல் விட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. எரிந்ததைப் பிரிப்பது, புதிதாகக் கட்டுவது, அனுப்புவது. ஏன் எரிந்தாய் என்று ஒரு மோட்டாரையாவது கேட்டிருப்போமா?

நான்காவது தடவையாகக் கட்டி முடித்த மோட்டாரோடு தேவகுமாரியும் மஞ்சக்குட்டைக்குப் போனாள். கையில் டாங் டெஸ்டர் இருந்தது. இடுக்கிபோல வாயைத் திறந்து கம்பியைக் கவ்வி, எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லும் மீட்டர். வோல்டேஜும் பார்க்கலாம். பம்ப் ரூமில் முதலில் அவள் கண்ணில் பட்டது ஸ்டார்ட்டர் பெட்டிதான். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் தானாக நிறுத்துவதற்கு அதில் ஒரு ரிலே உண்டு. அதன் திருகு, எந்த அளவில் நிறுத்தலாம் என்ற எண்களில் ஆகக் கடைசி எண்ணில் போய் நின்றிருந்தது.

"இதை யாரு திருகுனது?"

"நாந்தானுங்க. சும்மாச் சும்மா நின்னு போச்சுங்க. ஒவ்வொரு தடவையும் ஊருல இருந்து நடந்து வந்து பட்டனை அமுக்க வேண்டியிருந்துச்சு. இப்ப நிக்கறதே இல்லைங்க."

"ஆமா. எரியறவரைக்கும் நிக்கறதே இல்லை."

பொன்னுவேல் பெருமையோடு தொடங்கி, பாதியில் முகம் மாறினான். நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டு, திருடன் எப்படி வந்தான் என்று ஊரே கூடி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆனாலும் ரிலே சும்மா குரைத்திருக்காது. எதைப் பார்த்துக் குரைத்தது?

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் தேவகுமாரி ஒரு ஸ்டூலைப் போட்டு மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று கம்பிகளுக்கு இடையில் மூன்று வோல்டேஜ். எத்தனை தடவை பார்த்தாலும் மூன்று எண்களும் ஒற்றுமையாக நானூற்றை ஒட்டியே நின்றன. குடத்தோடு வந்த கண்ணாயி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மோட்டாருக்குக் காய்ச்சலுங்களா?" என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனாள். வியாழனும் வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மீட்டர் வேறு கதை சொன்னது. முதல் இரண்டு கம்பிக்கு இடையில் 412. அடுத்ததில் 383. அதற்கு அடுத்ததில் 378. ஆம்பியர் ஒரு கம்பியில் பதினொன்று, ஒன்றில் பதினான்கு, ஒன்றில் பத்தொன்பது. மோட்டாரின் சத்தமே கனத்துப்போய், தொண்டை கட்டியவன் பாடுவதுபோல இருந்தது. மேலே கை வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள்.

"இருபது முப்பது வோல்ட்டுதானுங்களே வித்தியாசம்?" என்றான் பொன்னுவேல்.

"மூணு பேரு சேர்ந்து ராட்டினம் தள்ளறாங்கன்னு வச்சுக்க. ஒருத்தன் சோந்து போயிட்டான். ராட்டினம் நிக்காது. ஆனா அவன் காலு தரையில இழுபட்டு, சுத்தறதைப் பின்னால புடிச்சு இழுக்கும். அதையும் சேத்துத் தள்ளோணும், தள்ளறதுல ஒருத்தனுக்கு இடுப்பு ஒடியும். வோல்டேஜ்ல கொஞ்சமா வித்தியாசம் இருந்தா, ஆம்பியர்ல அது ஆறு பங்கு எட்டுப் பங்காத் தெரியும். வெளிய இருந்து பாக்கறவனுக்கு ராட்டினம் நல்லாத்தான சுத்துது."

ஒன்பதரை மணிக்கு எண்கள் மறுபடியும் ஒற்றுமையாகிவிட்டன. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் சண்டை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வாரக் கடைசியில் மட்டும், காலையிலும் சாயங்காலமும் மட்டும் வருகிற வியாதி. தேவகுமாரி பம்ப் ரூமுக்குக் கரண்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிரிந்துபோகும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேலே நடந்தாள். கம்பி போய் நின்ற இடத்தில் 'மேகத்தூறல் ரிசார்ட்: இயற்கையின் மடியில் ஓர் இளைப்பாறல்' என்று பலகை இருந்தது. பதினாறு அறைகள். வெளியே பெங்களூர் வண்டிகள். குளிருக்குப் பயந்த பதினாறு குடும்பங்கள் இயற்கையின் மடியில் ஒரே நேரத்தில் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை ஒரு மனு எழுதி, ஆறு நாள் அளந்த எண்களை அட்டவணை போட்டு, தேவகுமாரி கரண்ட் ஆபீஸுக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார். அட்டவணையை முழுக்கப் படித்தார். பிறகு கால்குலேட்டரை எடுத்து மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுத்தார்.

"சராசரி 391 வருதும்மா. விதிப்படி 390 வரைக்கும் இறங்கலாம். நாங்க ஒரு வோல்ட் அதிகமாவே குடுத்துட்டு இருக்கோம்."

அவர் முகத்தில் தெரிந்த திருப்தியைக் கெடுக்கத் தேவகுமாரிக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் சொன்னாள்.

"மோட்டாரு சராசரியில ஓடறதில்லைங்களே சார். மூணு கம்பியில ஓடுது."

"புரியுது. ஆனா இந்த ஃபாரத்துல வோல்டேஜுக்குன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. மூணு கட்டம் இல்லையே, நான் எங்கே எழுதறது?"

"அப்படீன்னா நேர்ல வந்து பாருங்க சார். சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு."

"ஆபீஸ் நேரம் பத்து மணிக்குத்தானம்மா. சனிக்கிழமை லீவு வேற. வேற ஒரு நாள் ஆளுங்களை அனுப்பி வைக்கறேன்."

ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. ஆட்கள் வந்தார்கள், ஒரு புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு. உலகத்தில் யாருமே குளிக்காத நேரம். மூன்று எண்களும் அணிவகுத்து நின்று அவர்களுக்கு சல்யூட் அடித்தன. பத்து நாள் கழித்து ஊராட்சிக்குக் கடிதம் வந்தது. மின்னழுத்தம் சீராக உள்ளது. மோட்டார் பழுதுக்குத் தரமற்ற காயில் வேலையே காரணமாக இருக்கக்கூடும். கண்ணாயி குழாயடியில் சொன்னது இப்போது முத்திரை வைத்து வந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தேவகுமாரி கடையை ஐந்து மணிக்கே பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆரோக்கியதாஸ் கடிதத்தின் நகலை இரண்டு தடவை படித்தார்.

"'இருக்கக்கூடும்'னுதான போட்டிருக்காங்க. 'இருக்கு'ன்னு போடலையே" என்றார். ரைட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு எழுத்தில் ஆறுதல் கண்டுபிடிக்கத் தெரியும்.

"ஏனுங்க, உங்களுக்குக் கோவமே வராதுங்களா?"

"வரும். ஆனா வந்து என்ன பண்றது குமாரி? நீ வேணுமின்னா அந்த மோட்டாரை இனிமே எடுத்துக்காத. சேலத்துக்கே போகட்டும்."

அவள் அன்று சாப்பிடவில்லை. யாரும் பார்க்காதபோது கொஞ்சம் அழுதாள். பணம் போனால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கைவேலையைக் குறை சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வாத்தியார் தவறான ரூம் என்று சொன்ன அந்தப் பழைய நாள் திரும்பவும் வந்ததுபோல இருந்தது. அப்போதாவது காயிலைப் பிரித்துக் காட்ட முடிந்தது.

மறுநாள் காலையில் எழுந்து நேரே மேகத்தூறலுக்குப் போனாள். மேனேஜர் கிங்ஸ்டன் அவள் ஞாயிறு பள்ளியில் பார்த்துப் பழகிய பையன். இப்போது கோட்டுப் போட்டிருந்தான். எலுமிச்சையும் புதினாவும் போட்ட ஒரு வரவேற்புப் பானத்தைக் கொடுத்து, அவள் சொன்னதை எல்லாம் மரியாதையாகக் கேட்டான்.

"கண்ணு, உங்க ஹீட்டரு பதினாறும் ஒரே பேஸ்ல கெடக்குதுன்னு நினைக்கறேன். மூணு பேஸுக்கும் பிரிச்சு உட்டாப் போதும். ஒரு மணி நேர வேலை."

"ஆன்ட்டி, எங்களுது எக்கோ ஃப்ரெண்ட்லி ரிசார்ட்டு. எங்களால ஒரு பிரச்சனையும் வராதுங்க."

"பேனலைத் திறந்து ஒரு பார்வை பாக்கட்டுமா?"

"ஹெட் ஆபீஸ்ல கேட்காம ஒரு ஆணிகூட அடிக்க முடியாதுங்க ஆன்ட்டி. மெயில் போடறேன்."

போட்டான். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

தேவகுமாரி தன்னால் முடிந்த ஒன்றை மட்டும் செய்தாள். ரிலேயின் திருகைச் சரியான எண்ணுக்குத் திருப்பி, பொன்னுவேலின் கையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினாள். அதனால் மோட்டார் எரியவில்லை. அதற்குப் பதிலாகச் சனி ஞாயிறுகளில் தண்ணீர் ஏறவில்லை. மஞ்சக்குட்டைக்காரர்களுக்கு வாரம் இரண்டு நாள் கிணற்றடியில் குடத்தோடு நின்று, வைண்டிங்கார அம்மாவைப் பற்றிப் பேச ஒரு வசதி கிடைத்தது.

அப்படியே மே மாதம் வந்தது. கோடை விழா, மலர்க் கண்காட்சி. அடிவாரத்திலிருந்து வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டாத குறையாக ஊர்ந்து மேலே ஏறின. மேகத்தூறலில் பதினாறு அறைகளும் நிரம்பி, ஹாலிலும் மெத்தை போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிங்ஸ்டன் கோட்டு இல்லாமல் கிரேஸ் வைண்டிங் ஒர்க்ஸ் வாசலில் வந்து நின்றான். காரின் டிக்கியில் ஒரு மோட்டார். கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்.

"ஆன்ட்டி, ரூம்ல தண்ணி சொட்டுக்கூட இல்லைங்க. பாதிக் குளியல்ல எல்லாரும் சோப்போட நிக்கறாங்க. சேலத்துல கேட்டா ரெண்டு நாள் ஆகும்னு சொல்றாங்க."

தேவகுமாரி மோட்டாரைத் திறந்து அவனைக் கிட்டே கூப்பிட்டாள். ஒரு பிரிவு கரி, இரண்டு பிரிவு பொன். சீட்டுக் கட்டி எடுத்துவைத்திருந்த மஞ்சக்குட்டைக் காயில்களைப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினாள். எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள்போல இருந்தன.

"இது எங்க ரிசார்ட்டோடது இல்லையே" என்றான் கிங்ஸ்டன், பழைய காயில்களைப் பார்த்து.

"உங்க ரிசார்ட்டு எரிச்சது. அதனால உங்களோடதுதான்."

அவன் கருகிய காயில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தான்.

"சாயங்காலத்துக்குள்ள கட்டித் தாரேன் சாமி. இன்னிக்கு ராத்திரிக்குத் தண்ணி ஏறும். சனிக்கிழமை காலைல எல்லாரும் குளிக்கறப்ப மறுக்காவும் எரியும். அப்ப எடுத்துட்டு வா. எனக்கும் தொழில் நடக்கோணுமில்ல."

"எரியாம இருக்கறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

"பேனலைத் திறக்கோணும்."

"ஹெட் ஆபீஸ்ல…"

"கேளு கண்ணு, தாராளமாக் கேளு. பதில் வர்றவரைக்கும் கெஸ்ட்டுங்களையும் அங்கயே போயிக் குளிச்சுட்டு வரச் சொல்லு."

கிங்ஸ்டன் கையில் எடுத்த போனைத் திரும்பவும் பைக்குள் போட்டான். பிறகு, "வாங்க ஆன்ட்டி" என்றான். அவனுடைய வாழ்க்கையில் ஹெட் ஆபீஸைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் கட்டி முடித்த மோட்டாரோடு ரிசார்ட்டுக்குப் போய், மெயின் சுவிட்சை இறக்கி, அங்கே இருந்த எலெக்ட்ரீசியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேவகுமாரி பெட்டியைத் திறந்தாள். போன வருடம் புதிதாக ஹீட்டர் மாட்டிய கான்ட்ராக்டர் சிக்கனமான மனிதர். பதினாறு ஹீட்டருக்கும் உண்டான பதினாறு சுவிட்சுகளையும் ஒரே செப்புப் பட்டையில் கோத்து, ஒரே ஒரு தடித்த கம்பியை ஒரே பேஸில் செருகிவிட்டுப் போயிருந்தார். மற்ற இரண்டு பேஸும் தோட்டத்து விளக்குகளை எரித்துக்கொண்டு ஓய்வெடுத்தன. அவள் பட்டையை மூன்று துண்டாக்கி, ஆறு, ஐந்து, ஐந்து என்று பிரித்து, மூன்று பேஸுக்கும் கம்பி கொடுத்தாள். நாற்பது நிமிடம் ஆனது. இந்த நாற்பது நிமிட வேலைக்காகத்தான் மாதக்கணக்கான காத்திருப்பு, நான்கு மோட்டார் வேலை, ஒரு மனு, ஒரு ஆய்வு, ஒரு கடிதம், ஒரு மெயில் எல்லாம் ஆகியிருந்தன.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பொன்னுவேல் பம்ப் ரூமிலிருந்து போன் செய்தான். மீட்டரை அவனிடமே கொடுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, 396, 393, 391. நீங்க வேணுமின்னா வந்து பாருங்க. மோட்டாரு சத்தமே கேக்கலை. ஓடுதான்னு தொட்டுப் பாத்தேன். கையி சுடலைங்க."

தேவகுமாரி மூன்று எண்களையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்து ஓடினாள்.

ஆடி மழை வந்தது, ஐப்பசி மழை வந்தது, மஞ்சக்குட்டை மோட்டார் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. ஊரும் நன்றி மறக்கவில்லை. பம்ப் ரூம் கதவைக் கிழக்குப் பார்த்து மாற்றி வைத்த வார்டு உறுப்பினருக்குச் சால்வை போட்டார்கள். கிணற்றுக்குப் பூசை போட்ட கமிட்டிக்குத் தனியாக ஒரு பாராட்டு. தொடர் ஆய்வுகளின் பயனாகக் குறைபாடு நீங்கியது என்று கரண்ட் ஆபீஸ் கோப்பை மூடியது. கிங்ஸ்டனுக்கு ஹெட் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு மெயில் வந்தது: அனுமதியில்லாமல் பெட்டியைத் திறந்தது ஏன்?

தேவகுமாரியின் பங்கைக் கண்ணாயி மறக்கவில்லை. ஏற்காடு பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் தேவகுமாரி நிற்பது தெரியாமல், பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"பாத்தியா, அந்தம்மா கையி படாம இருக்கவும் மோட்டாரு எப்படி நல்லா ஓடுது."

தேவகுமாரிக்கு முதலில் காது சூடானது. அடுத்த வளைவு திரும்புவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணாயி திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, நல்லாருக்கீங்களா? இப்படி உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். தேவகுமாரி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இறங்கும்வரை மிளகு விலையைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த வருடம் காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் கடைக்கு வந்த எரிந்த மோட்டார்கள் பாதியாகக் குறைந்தன. ஏனென்றால் கிங்ஸ்டன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவன் சொல்லிக் கேட்ட இரண்டு லாட்ஜ்காரர்களும் ஓர் எஸ்டேட் மேனேஜரும், எரிவதற்கு முன்பே வந்து பார்க்கும்படி தேவகுமாரியைக் கூப்பிட்டார்கள். இந்த மலையில் யாரும் மோட்டாருக்காக முன்கூட்டி யோசித்து அவள் பார்த்ததில்லை.

"உன் பொழப்புக்கு நீயே ஆப்பு வச்சுக்கறயே குமாரி" என்றார் ஆரோக்கியதாஸ், அவளுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. அவர் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் ஷேர் ஜீப்பில் ஏறி, பனிக்குள்ளே நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பல்ப்பர் கொட்டகைக்குப் போனாள். பறித்த பழம் மலையாகக் குவிந்து கிடந்தது. மோட்டாரை ஓடவிட்டு, மூன்று கம்பிகளுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தாள். 404, 403, 404.

தேவகுமாரிக்கு நம்பிக்கை வரவில்லை. மீட்டரில் புது பேட்டரியைப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.